மின்மாற்றிக்குள் தாவர எண்ணெய்: வாங்குமுன் அறிய வேண்டியவை

கடன் கோரி வரும் திட்ட அறிக்கைகளில் மின்மாற்றிக்கு ஒதுக்கப்படுவது பெரும்பாலும் ஒரே வரிதான்: இத்தனை கே.வி.ஏ. திறன், இவ்வளவு விலை. அதனுள் ஊற்றப்படும் எண்ணெய் எது என்பது விலைப்புள்ளியின் கடைசிப் பக்கத்தில் சிறிய எழுத்தில் இருக்கும். அதைப் படித்துப் பார்ப்போர் சிலரே. ஆனால் அண்மை ஆண்டுகளில் விலைப்புள்ளிகள் இரண்டாக வரத் தொடங்கியுள்ளன. ஒன்று வழக்கமான கனிம எண்ணெய் நிரப்பியது. மற்றொன்று "இயற்கை எஸ்டர்" எனப்படும் தாவர எண்ணெய் நிரப்பியது. பின்னதன் விலை கூடுதல். "இந்தக் கூடுதல் தொகை தேவைதானா?" என்று தொழில் முனைவோரும் மருத்துவமனை நிர்வாகிகளும் எங்களைக் கேட்கின்றனர். விடை எண்ணெயில் மட்டும் இல்லை; மின்மாற்றி எந்த இடத்தில் நிற்கப் போகிறது என்பதிலும் இருக்கிறது. அதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

எண்ணெய் எதற்கு?

மின்மாற்றியின் உள்ளே இரும்புத் தகடுகளாலான உள்ளகமும் அதைச் சுற்றிய கம்பிச் சுருள்களும் உள்ளன. சுருள்களைக் காப்பவை இரண்டு: அவற்றின் மேல் சுற்றிய தாள், அத்தாள் ஊறிக் கிடக்கும் எண்ணெய். எண்ணெய்க்கு இரு கடமைகள் உண்டு. மின்சாரம் வேண்டாத வழியில் பாயாமல் தடுப்பது ஒன்று. சுருள்களில் எழும் வெப்பத்தை வாங்கி, தொட்டியின் சுவருக்கும் ரேடியேட்டருக்கும் கொண்டு சென்று வெளியேற்றுவது மற்றொன்று.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசிப் பத்தாண்டு தொட்டு இப்பணியைச் செய்து வருவது கச்சா எண்ணெயிலிருந்து வடித்தெடுக்கும் கனிம எண்ணெய். மலிவானது, எளிதில் கிடைப்பது, நூறாண்டுக்கும் மேலான அனுபவத்தால் நன்கு அறியப்பட்டது. அதன் பெருங்குறை, அது எரியக்கூடியது என்பதே.

அக்குறையைப் போக்க உலகம் முதலில் தேர்ந்த வழி புதிய துன்பத்தில் முடிந்தது. 1930-களிலிருந்து பி.சி.பி. என்னும் குளோரின் கலந்த செயற்கை நீர்மம் மின்மாற்றிகளிலும் மின்தேக்கிகளிலும் நிரப்பப்பட்டது. அது எளிதில் தீப்பற்றாது. ஆனால் மண்ணிலும் நீரிலும் சிதையவும் சிதையாது. உயிரினங்களின் கொழுப்பில் தங்கித் தலைமுறை கடந்தும் சேரும். 1968-இல் மேற்கு ஜப்பானில் தவிட்டு எண்ணெய் ஆலை ஒன்றில் வெப்பமூட்டப் பயன்பட்ட பி.சி.பி. குழாயிலிருந்து கசிந்து சமையல் எண்ணெயில் கலந்தது. அதை உண்டவர்கள் பெருந்தொகையில் நோயுற்றனர். பின்னர் நாடுகள் ஒவ்வொன்றாக அதைத் தடை செய்தன. 2001-ஆம் ஆண்டின் ஸ்டாக்ஹோம் உடன்படிக்கை அதை உலகளவில் ஒழிக்க வேண்டிய பொருள்களுள் சேர்த்தது. இந்தியாவும் அவ்வுடன்படிக்கையில் இணைந்துள்ளது. தீயை அஞ்சி நஞ்சைத் தழுவிய அந்த அனுபவத்துக்குப் பின்னரே, எளிதில் தீப்பற்றாததும் மண்ணில் மக்கக் கூடியதுமான ஒரு நீர்மத்தை ஆய்வாளர்கள் தீவிரமாகத் தேடினர். 1990-களில் அமெரிக்காவில் உருவான தாவர எண்ணெய்க் காப்பு நீர்மங்கள் அத்தேடலின் பயன்.

தீ என்னும் இடர்

மின்மாற்றித் தீ எவ்வளவு பெரிய துயரமாக வளரக்கூடும் என்பதற்கு நம் நாட்டிலேயே ஒரு சான்று உண்டு. 1997 ஜூன் 13 அன்று தில்லி கிரீன் பார்க் பகுதியின் உபஹார் திரையரங்கில் 59 பேர் உயிரிழந்தனர். நூற்றுக்கும் மேற்பட்டோர் காயமுற்றனர். கட்டடத்தின் தரைத்தளத்தில், வாகனங்கள் நிறுத்தும் இடத்தை ஒட்டி மின்மாற்றி நின்றது. அன்று காலையிலேயே அதில் ஒரு முறை தீப்பிடித்து, பழுது நீக்கி மீண்டும் இயக்கப்பட்டிருந்தது. மாலையில் சரிவர இறுக்கப்படாத மின்வடம் கழன்று ரேடியேட்டரின் மீது பட்டுத் துளையிட்டது. அத்துளை வழியே பீறிட்ட எண்ணெய் தீப்பற்றியது. தீ வாகனங்களுக்குப் பரவியது. புகை படிக்கட்டு வழியே மேலேறிப் பால்கனியை நிறைத்தது. இறந்தோரில் மிகப் பலர் தீயால் அன்றி, மூச்சுத் திணறியே மாண்டனர்.

எண்ணெய் வேறாக இருந்திருந்தால் அவர்கள் அனைவரும் பிழைத்திருப்பர் என்று கூற இயலாது. தளர்ந்த இணைப்பு, வெளியேறும் வழிகளில் இருந்த தடைகள், முறையான எச்சரிக்கை இல்லாமை ஆகிய அனைத்தும் அத்துயரத்தில் பங்கு கொண்டன. ஆயினும் அந்தச் சங்கிலியின் ஒரு கண்ணி, பீறிட்டவுடன் பற்றி எரிந்த எண்ணெய் என்பதை மறுக்க இயலாது.

எண்ணெயின் தீக்குணத்தை அளக்க ஆய்வகங்கள் இரண்டு வெப்பநிலைகளைக் குறிக்கின்றன. சூடேறும் எண்ணெயின் ஆவி, சுடர் காட்டும்போது ஒரு கணம் பற்றி அணையும் வெப்பநிலை ஒன்று. பற்றிய தீ அணையாமல் தொடர்ந்து எரியும் வெப்பநிலை மற்றொன்று. இதைத் தீநிலை எனலாம். கனிம எண்ணெயின் தீநிலை ஏறத்தாழ 160 முதல் 170 டிகிரி செல்சியஸ். தாவர எண்ணெய்க் காப்பு நீர்மத்தின் தீநிலை 350 டிகிரியை ஒட்டியது. 300 டிகிரிக்கு மேற்பட்ட தீநிலை உடைய நீர்மங்களைப் பன்னாட்டுத் தரநிலைகள் "கே" வகுப்பு என்று பிரித்துள்ளன. விலைப்புள்ளியில் "கே வகுப்பு நீர்மம்" என்று கண்டால் அதன் பொருள் இதுவே.

இங்கே ஒரு தெளிவு வேண்டும். கே வகுப்பு என்றால் எரியவே எரியாது என்பதன்று. அது தீப்பற்ற மிகுந்த வெப்பம் வேண்டும். வெப்பமூட்டும் மூலம் நீங்கினால் தானே அணையும் இயல்பு உடையது. எனவே தீயணைப்பு ஏற்பாடுகளைக் கைவிடலாம் என்று எவரேனும் கூறினால் ஏற்க வேண்டாம்.

மண்ணும் நீரும்

மின்மாற்றிகள் கசிவது அரிதன்று. ரப்பர் வளையம் காய்ந்து வெடிக்கும், வால்வு தளரும், எண்ணெய்த் திருட்டுக்காகத் தொட்டியின் திருகைக் கழற்றி விடுவோரும் உண்டு. கசிந்த கனிம எண்ணெய் மண்ணில் நெடுங்காலம் தங்கும். கிணற்றை ஒட்டிய வயலிலோ, ஏரிக்கரையிலோ, நீரேற்று நிலையத்திலோ நிற்கும் மின்மாற்றிக்கு இது சிறிய செய்தியன்று.

தாவர எண்ணெயின் மூலக்கூறு கிளிசரினுடன் மூன்று கொழுப்பு அமிலங்கள் இணைந்தது. நாம் சமைக்கும் எண்ணெயின் கட்டமைப்பும் இதுவே. மண்ணின் நுண்ணுயிர்களுக்கு இது பழகிய உணவு. வழக்கமான 28 நாள் ஆய்வக சோதனையில் இந்நீர்மத்தின் மிகப் பெரும்பகுதி சிதைந்து விடுவதால், இது எளிதில் மக்கும் பொருள் என்று வகைப்படுத்தப்படுகிறது. கனிம எண்ணெய் அத்தகுதியைப் பெறுவதில்லை.

ஆயினும் மக்கும் பொருள் என்பதால் சிந்தினாலும் பாதகமில்லை என்று எண்ணுதல் தவறு. குளத்தில் பெருமளவு கொட்டிய எண்ணெய், எவ்வகையாயினும், நீரின் மேல் படலமாய்ப் படர்ந்து உயிர்க்காற்றைத் தடுக்கும். சிதையும்போது நீரிலுள்ள உயிர்வளியையும் உறிஞ்சும். சிந்தியதை அள்ளி அகற்றும் கடமை இதற்கும் உண்டு. அத்துடன், சோயாவிலிருந்து செய்யப்பட்டதாயினும் இது சமையலுக்கு உரியதன்று. இதில் சேர்ப்புப் பொருள்கள் உள்ளன. பயன்படுத்திய பின் மின்மாற்றியின் கழிவுகளும் கலந்திருக்கும். தொட்டியிலிருந்து வடித்த எண்ணெய் எவ்வழியிலும் அடுப்படியை அடையக் கூடாது.

தாளின் ஆயுளே மின்மாற்றியின் ஆயுள்

எண்ணெய் பழுதானால் வடிகட்டலாம், மாற்றலாம். சுருள்களைச் சுற்றிய தாள் நைந்து போனால் மின்மாற்றியைப் பிரித்தே ஆக வேண்டும். எனவே தாளின் ஆயுளே மின்மாற்றியின் ஆயுள் எனலாம். தாளுக்குப் பகை வெப்பமும் ஈரமும்.

அறை வெப்பத்தில் கனிம எண்ணெய் தன்னுள் கரைத்துக் கொள்ளக்கூடிய நீர் பத்து லட்சத்தில் ஏறத்தாழ 60 பங்கு. தாவர எண்ணெயோ 1,000 பங்கு அளவு கரைத்துக் கொள்ளும். இதன் விளைவாகத் தாளிலுள்ள ஈரம் எண்ணெய்க்கு இடம் பெயர்கிறது. அதில் ஒரு பகுதி எண்ணெயுடன் வினைபுரிந்து செலவாகியும் விடுகிறது. தாள் உலர்ந்த நிலையில் நீடிப்பதால் மெதுவாக மூப்படைகிறது. சமமான வெப்பநிலையில் இருவகை எண்ணெயிலும் தாளை ஊறவைத்து நடந்த ஆய்வுகள் இதை உறுதி செய்துள்ளன. கோடையில் மிகைச் சுமை தாங்க வேண்டிய இடங்களில் இப்பண்பு பெரிதும் உதவும்.

குறைகள் எவை?

சமையலறையில் எண்ணெய்க் குப்பியின் வாயில் சில நாளில் பிசுபிசுப்பான படலம் படிவதை அனைவரும் அறிவோம். திறந்து வைத்த எண்ணெய் காறல் வாடை அடிப்பதும் நாம் அறிந்ததே. இரண்டும் காற்றிலுள்ள உயிர்வளியின் வேலை. தாவர எண்ணெய்க் காப்பு நீர்மத்தின் முதன்மையான குறையும் இதுவே. காற்று தொடர்ந்து பட்டால் அது தடித்துப் போகும்.

நம் நாட்டில் பல மின்மாற்றிகள் "சுவாசிக்கும்" வகையைச் சேர்ந்தவை. எண்ணெய் சூடேறி விரியும்போது காற்று வெளியேறும். குளிரும்போது சிலிக்கா ஜெல் நிரம்பிய பிரீத்தர் வழியே உள்ளே வரும். இவ்வமைப்பு தாவர எண்ணெய்க்கு ஒவ்வாது. முற்றிலும் மூடி முத்திரையிட்ட தொட்டியோ, மேல்தொட்டியில் எண்ணெயையும் காற்றையும் பிரிக்கும் ரப்பர்ப் பையோ தேவை.

இரண்டாவது குறை பாகுத்தன்மை. 40 டிகிரி வெப்பத்தில் இது கனிம எண்ணெயைப் போல் மூன்று மடங்குக்கும் மேல் தடிப்பானது. மெதுவாக ஓடுவதால் வெப்பத்தை எடுத்துச் செல்லும் விரைவும் குறையும். ஆகவே குளிர்விக்கும் வழிகளும் ரேடியேட்டரும் இந்நீர்மத்துக்கென்றே வடிவமைக்கப்பட வேண்டும். மூன்றாவது, பூச்சியத்துக்குக் கீழ் சுமார் 20 டிகிரியில் இது உறைந்து ஓட்டம் இழக்கும். நம் சமவெளிகளில் இது சிக்கலன்று. லடாக் போன்ற பகுதிகளில் ஆலோசித்தே முடிவெடுக்க வேண்டும்.

நான்காவது விலை. லிட்டர் கணக்கில் இது கனிம எண்ணெயைவிடப் பல மடங்கு விலை உயர்ந்தது. சோயா முதலிய வித்துகளின் சந்தை விலையோடு இதன் விலையும் ஏறி இறங்கும். சமையல் எண்ணெய்த் தேவையில் பாதிக்கும் மேல் இறக்குமதியை நம்பியுள்ள நாடு நம்முடையது என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

இக்குறைகள் தீர்க்க முடியாதவை அல்ல. ஜெர்மனியின் புரூக்சால் நகரருகே உள்ள துணைமின் நிலையத்துக்காக 420 கிலோவோல்ட் திறனுடைய மின்மாற்றியே தாவர எண்ணெய் நிரப்பித் தயாரிக்கப்பட்டது. நம் நாட்டிலும் இந்திய தர நிர்ணய அமைவனம் இந்நீர்மத்துக்கென ஐ.எஸ். 16659 என்னும் தரநிலையை 2017-இல் வெளியிட்டுள்ளது.

பணக் கணக்கு

வங்கியாளர் என்ற முறையில் நாங்கள் கூறக்கூடியது, கொள்முதல் விலையை மட்டும் நோக்காமல் ஆயுட்காலச் செலவை நோக்குக என்பதே. ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். இதிலுள்ள எண்கள் விளக்கத்துக்காகக் கொண்டவை. சந்தை விலைகள் அல்ல.

கனிம எண்ணெய் மின்மாற்றி 10 லட்சம் ரூபாய், தாவர எண்ணெய் மின்மாற்றி 12.5 லட்சம் ரூபாய் என்று வைத்துக் கொள்வோம். கூடுதல் 2.5 லட்சம். இதையும் கடனில் சேர்த்து, 10 விழுக்காடு வட்டியில் 5 ஆண்டுகளில் செலுத்தினால் மாதத் தவணை சுமார் 5,312 ரூபாய் கூடும். அசலும் வட்டியும் சேர்ந்து சுமார் 3,18,700 ரூபாய். மின்மாற்றி 25 ஆண்டு உழைக்கும் என்று கொண்டால், அந்தக் கூடுதல் செலவு மாதத்துக்கு 1,062 ரூபாய் அளவில் அமைகிறது.

இந்த 1,062 ரூபாய் எதை வாங்குகிறது என்பதே கேள்வி. மின்மாற்றி நோயாளிகள் தங்கும் கட்டடத்தை ஒட்டியோ, பஞ்சுக் கிடங்கின் அருகிலோ, குடிநீர்க் கிணற்றுக்குப் பக்கத்திலோ நிற்குமானால், அது ஒரு நியாயமான செலவு. மாறாக, திறந்த வெளியில், கட்டடங்களுக்கு எட்ட, முறையான எண்ணெய்க் குழியுடன் நிற்குமானால், நன்கு பராமரிக்கப்படும் கனிம எண்ணெய் மின்மாற்றியே போதுமானதாக இருக்கலாம். மீதித் தொகையை நல்ல பாதுகாப்புச் சாதனங்களுக்கும் ஆண்டுதோறும் எண்ணெய்ப் பரிசோதனைக்கும் செலவிடலாம். கட்டடத்தின் உள்ளேயே வைக்க வேண்டிய நிலையில், எண்ணெயே இல்லாத உலர் வகை மின்மாற்றியையும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

"பசுமை" என்ற சொல்லுக்காக மட்டும் விலை கொடுக்க வேண்டாம். மின்மாற்றி ஆண்டின் 8,760 மணி நேரமும் மின்னோட்டத்தில் இருப்பது. ஆலை இயங்காத இரவிலும் அது ஓரளவு மின்சாரத்தைத் தின்று கொண்டே இருக்கும். இந்தச் சுமையில்லா இழப்பு 100 வாட் கூடுதலாக இருந்தால், ஆண்டுக்கு 876 யூனிட் வீணாகும். எண்ணெய் மக்கும் தன்மையது, ஆனால் இழப்பு மிகுதி என்றால் அம்மின்மாற்றியைப் பசுமையானது என்று கூறுவதில் பொருளில்லை. எண்ணெயின் பெயரைப் படிக்குமுன் இழப்பு அளவுகளையும் நட்சத்திரக் குறியீட்டையும் படிக்க வேண்டும்.

ஒப்பமிடுமுன் கேட்க வேண்டியவை

கொள்முதல் ஆணையில் ஒப்பமிடுமுன் விற்பனையாளரிடம் கீழ்க்காணும் வினாக்களுக்கு எழுத்து வடிவில் விடை பெறுதல் நலம்.

முதலாவது, மின்மாற்றி தாவர எண்ணெய்க்கென்றே வடிவமைக்கப்பட்டதா, அல்லது கனிம எண்ணெய் வடிவத்தில் எண்ணெயை மட்டும் மாற்றியதா? வெப்ப உயர்வுச் சோதனை இதே நீர்மத்துடன் நடத்தப்பட்டதா?

இரண்டாவது, தொட்டி முற்றிலும் மூடப்பட்டதா? ரப்பர்ப் பை அமைப்பு எனில், அதைப் பரிசோதிப்பது யார், எத்தனை காலத்துக்கு ஒருமுறை?

மூன்றாவது, நீர்மம் ஐ.எஸ். 16659 தரநிலைக்கு உட்பட்டதா? மின்மாற்றி பி.ஐ.எஸ். முத்திரை பெற்றதா?

நான்காவது, எண்ணெய் குறைந்தால் நிரப்ப அதே நீர்மம் அருகில் எங்கே கிடைக்கும்? இது மிக முக்கியமான வினா. அவசரத்துக்கு உள்ளூர்ப் பழுதுபார்ப்பவர் கனிம எண்ணெயை ஊற்றிவிட்டால், கலப்பு சுமார் 7 விழுக்காட்டைத் தாண்டும்போது தீநிலை 300 டிகிரிக்குக் கீழே இறங்கக்கூடும். கூடுதல் விலை கொடுத்து வாங்கிய பாதுகாப்பு சில வாளி எண்ணெயில் கரைந்து போகும். தொட்டியின் மேல் நீர்மத்தின் பெயரைத் தமிழிலும் அப்பகுதி மொழியிலும் பெரிதாக எழுதி வைப்பது செலவில்லாத காப்பு.

ஐந்தாவது, எண்ணெய்ப் பரிசோதனை அறிக்கையை எந்த அளவுகோலால் மதிப்பிடுவர்? தாவர எண்ணெயில் அமிலத்தன்மை இயல்பாகவே சற்றுக் கூடுதலாக இருக்கும். கரைந்துள்ள வாயுக்களின் போக்கும் வேறு. கனிம எண்ணெய்க்கு உரிய வரம்புகளை இதற்குப் பொருத்தினால் நலமாயிருக்கும் மின்மாற்றியைப் பழுது என்றும், பழுதை நலம் என்றும் முடிவு செய்ய நேரும்.

இவற்றுடன் இரண்டு அலுவலகங்களை முன்னதாகவே அணுகுதல் வேண்டும். மின் ஆய்வாளர் அலுவலகம், அமைவிடத்தின் இடைவெளி, எண்ணெய்க் குழி, தீத்தடுப்புச் சுவர் ஆகியவற்றுக்கான விதிகளைத் தெரிவிக்கும். காப்பீட்டு நிறுவனம், கே வகுப்பு நீர்மத்துக்குக் கட்டணத்தில் ஏதேனும் வேறுபாடு உண்டா என்பதைத் தெரிவிக்கும். சலுகை தானாகவே கிடைத்துவிடும் என்று கருதி திட்ட அறிக்கையில் அதை வருமானமாகக் காட்டுதல் கூடாது.

பழைய மின்மாற்றியில் எண்ணெயை மட்டும் மாற்ற விரும்புவோருக்கு ஒரு சொல். அதுவும் செய்யக்கூடியதே. ஆனால் தயாரிப்பாளரின் ஒப்புதல் இன்றியும், பிரீத்தர் அமைப்பை மாற்றாமலும், பழைய எண்ணெயை முழுமையாக வடிக்காமலும் செய்தால் பணம் வீணாகும். மிகப் பழைய கருவியாயின், முதலில் அதில் பி.சி.பி. கலப்பு உள்ளதா என்று பரிசோதித்த பின்னரே எண்ணெயைத் தொட வேண்டும். வடித்தெடுத்த எண்ணெயை அங்கீகாரம் பெற்ற கழிவு எண்ணெய் நிறுவனத்திடமே ஒப்படைக்க வேண்டும்.

கடன் விண்ணப்பத்துடன் இவ்விவரங்களை இணைத்தால் எங்கள் மதிப்பீடும் எளிதாகும். இரண்டு விலைப்புள்ளிகள், இழப்பு அளவுகள், அமைவிட வரைபடம், ஏன் இந்த நீர்மம் என்பதற்கு அரைப்பக்க விளக்கம் ஆகியவை போதும். கூடுதல் விலைக்கு உரிய காரணம் தாளில் தெளிவாக இருந்தால், அதைத் திட்டச் செலவின் முறையான பகுதியாகக் கருதுவதில் எங்களுக்குத் தயக்கம் இராது. அமைவிட வரைபடத்தில் மின்மாற்றியைச் சுற்றி முப்பது அடிக்குள் யார் இருக்கிறார்கள், எது இருக்கிறது என்பதைக் குறித்துக் காட்டுங்கள். எந்த எண்ணெய் வேண்டும் என்பதற்கான விடையின் பெரும்பகுதி அங்கேயே தெரிந்துவிடும்.